எள்ளாத நகை

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, அவற்றுள் முதலிடத்தை நகைக்கு அளித்தார். அழுகைக்கும் அச்சத்திற்கும் பெருமிதத்திற்கும் முன்பாக நகை நிற்கின்றது. அந்நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்றும் அவர் பகுத்துக் காட்டினார். பிறரை இகழ்வதாகிய எள்ளல் ஒன்று, இளமை மற்றொன்று, அறியாமையாகிய பேதைமை மூன்றாவது, பிறர் கூறியதை அப்படியே நம்பிப் பற்றிக்கொள்ளும் மடம் நான்காவது. இந்நான்கனுள் எள்ளலுக்கு மட்டும் எப்போதும் ஓர் இலக்கு வேண்டும். ஒருவர் தாழ்ந்தால்தான் மற்றவர் சிரிக்க முடியும். ஏனைய மூன்றிற்கும் அத்தகைய தேவை இல்லை. இளமையையும் பேதைமையையும் கண்டு நகைக்கும்போது, நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே இருந்தோம் என்னும் நினைவே நம்மைச் சிரிக்க வைக்கின்றது.

மெய்ப்பாட்டியலை வகுப்பறையில் நடத்தும்போதெல்லாம் எமக்கு ஓர் அமெரிக்கக் குடும்பம் நினைவிற்கு வருவதுண்டு. தமிழ்த்துறை மலரில் ஹாலிவுட்டிற்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். இல்லத்தில் நகை எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பது எல்லா இல்லங்களுக்கும் பொதுவான வினா. அவ்வினாவிற்கு நல்லதொரு விடை எங்குக் கிடைத்தாலும் அதனை எடுத்துக்கொள்வதில் தவறில்லை என்பது எம் கருத்து.

யாம் குறிப்பிடும் குடும்பம் மெய்யான குடும்பமன்று, திரைக்காகப் புனையப்பட்டது. ஆரேனியா ரூவரோல் என்னும் பெண்மணி எழுதி, 1928 ஆம் ஆண்டில் நியூயார்க்கில் மேடையேறிய ‘ஸ்கிடிங்’ என்ற நாடகத்தைத் தழுவி, எம்.ஜி.எம். நிறுவனம் 1937 இல் ‘எ ஃபேமிலி அஃபேர்’ என்னும் சிறு செலவுப் படமொன்றை வெளியிட்டது. கார்வெல் என்னும் கற்பனைச் சிற்றூர், அவ்வூரில் ஹார்டி என்னும் நீதிபதி, அவருடைய துணைவியார், மேரியன் என்னும் மகள், ஆண்டி என்னும் மகன்.  படம் எதிர்பாராத வரவேற்பைப் பெற்றது. மக்கள் அக்குடும்பத்தை மீண்டும் காண விரும்பினர். 1946 ஆம் ஆண்டிற்குள் 15 படங்கள் வந்தன. பின்னர் 1958 இல் ஒரு படம் வந்து, எண்ணிக்கை 16 ஆயிற்று.

ஆண்டியாக நடித்தவர் மிக்கி ரூனி (1920-2014). 1939, 1940, 1941 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அமெரிக்கத் திரையரங்க உரிமையாளர்களின் கணிப்பில் வசூலில் முதல் நடிகர் என்னும் இடம் அவருக்கே கிடைத்தது. முதற்படத்தில் நீதிபதியாக லயோனல் பேரிமோர் தோன்றினார். இரண்டாவது படத்திலிருந்து அவ்விடத்திற்கு வந்தவர் லூயிஸ் ஸ்டோன். நரைத்த தலையும் நிமிர்ந்த நடையும் தணிந்த குரலும் உடைய அம்முதியவரே நீதிபதி ஹார்டி என்று உலகம் கொண்டது.

இப்படங்களில் கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சான்றாக, 1938 இல் வந்த ‘லவ் ஃபைண்ட்ஸ் ஆண்டி ஹார்டி’ என்னும் படத்தை நோக்குவோம். கிறிஸ்துமஸ் விழா நெருங்குகின்றது. ஆண்டி இருபது டாலர் விலையில் பழைய கார் ஒன்றைப் பேசி வைத்துள்ளான். எட்டு டாலர் பாக்கி. அப்பணத்திற்காக அவன் நண்பன் ஒருவனுடன் செய்துகொண்ட அசட்டு ஏற்பாடு ஒன்று, முடிச்சின்மேல் முடிச்சாக விழுந்து அவனைத் திணற அடிக்கின்றது. கொலை இல்லை, கொள்ளை இல்லை, தீயவன் என்று ஒருவனும் இல்லை. எட்டு டாலர் கடனே அங்கு மலையளவு துன்பம். ஆனால், பதினாறு வயதில் எட்டு டாலர் கடன் மலையளவு துன்பம்தான் என்பதை அப்படத்தை எடுத்தோர் அறிந்திருந்தனர்.

இத்தொடர் முழுவதற்கும் அச்சாணியாக விளங்குவது ஒரு காட்சி. பெரும்பாலான படங்களில் அது வரும். வாராதோ என்று மக்கள் காத்திருப்பர். சிக்கலில் அகப்பட்ட ஆண்டி தந்தையின் படிப்பறைக் கதவைத் தட்டுகின்றான். ஆணுக்கு ஆணாக நின்று பேச வேண்டும் என்கின்றான். தந்தை செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு மகனை அமரச் செய்கின்றார். மகன் தட்டுத்தடுமாறிக் கூறுகின்றான். பார்ப்போர்க்குச் சிரிப்பு வருகின்றது. ஆனால் நீதிபதி சிரிப்பதில்லை. ஊருக்கு நீதி வழங்கும் அம்மனிதர், தம் முன் அமர்ந்திருக்கும் சிறுவனின் வழக்கையும் அதே பொறுமையோடு கேட்கின்றார். கேட்டு முடித்த பின்னரே வாய் திறக்கின்றார். தவற்றைத் தவறு என்றே கூறுகின்றார், மறைப்பதில்லை. எனினும் அவர் கூற்றில் எள்ளல் இல்லை. அரங்கில் எழும் நகை இளமையாலும் பேதைமையாலும் பிறந்த நகை. தொல்காப்பியர் வகுத்த நான்கனுள் முதலாவதை விலக்கி, ஏனையவற்றைக் கொண்டே பதினாறு படங்கள் எடுக்கலாம் என்பதற்கு இத்தொடர் சான்று.

யாம் இப்படங்களுட் சிலவற்றைக் கண்டது 1990-களின் பிற்பகுதியில். அக்காலத்தில் பகல் முழுவதும் குழந்தைகளுக்கான கார்ட்டூன் படங்களைக் காட்டிய தொலைக்காட்சி அலைவரிசை ஒன்று, இரவானதும் பழைய ஹாலிவுட் படங்களைக் காட்டும். விடுதிக் காப்பாளராகப் பணியாற்றிய நாள்களில், வார இறுதி இரவுகளில் மாணவர்களோடு அமர்ந்து யாம் அவற்றைக் கண்டதுண்டு. வேகமாகப் பேசப்படும் அமெரிக்க ஆங்கிலம் மாணவர்க்குப் பெரும்பாலும் விளங்கவில்லை. ஆயினும் சிரிக்க வேண்டிய இடங்களில் அவர்கள் சிரித்தனர். படிப்பறைக் காட்சி வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. கூடம் அமைதியாயிற்று. சிலர் தரையை நோக்கினர். அவ்வமைதியின் பொருளை யாம் பின்னர் உணர்ந்தோம்.

இத்தொடரைக் குறையற்றதென்று கூறுவதற்கில்லை. உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் அமெரிக்க மக்கள் வேலையிழந்து வாடிய காலத்தில், கார்வெல் ஊரில் வறுமை எட்டிப் பார்க்கவில்லை. கறுப்பின மக்களின் வாழ்வு அங்கு இடம்பெறவில்லை. அமெரிக்க வாழ்க்கை முறையை எடுத்துக்காட்டியமைக்காக 1942 ஆம் ஆண்டிற்கான சிறப்பு ஆஸ்கர் விருது எம்.ஜி.எம். நிறுவனத்திற்கு வழங்கப்பட்டது. ஆனால், அங்குக் காட்டப்பட்டது வாழ்ந்த வாழ்க்கையன்று. வாழ விரும்பிய வாழ்க்கை. நிறுவனத்தின் தலைவர் லூயி பி. மேயர், ரஷ்யப் பேரரசிலிருந்து குடிபெயர்ந்த எளிய யூதக் குடும்பத்துப் பிள்ளை. இத்தொடரின்பால் அவர் கொண்ட பற்றைத் திரையுலகம் அறியும். குறும்புச் சிறுவனாக நடித்த மிக்கி ரூனியோ, திரைக்கு வெளியே எட்டு முறை மணம் செய்துகொண்டவர். 1958 ஆம் ஆண்டுப் படத்தில் ஆண்டி தானே தந்தையாகி ஊர் திரும்புகின்றான். அவன் மகனாக ரூனியின் மகனே நடித்தான். லூயிஸ் ஸ்டோன் 1953 இலேயே மறைந்துவிட்டார். தொடரும் என்னும் அறிவிப்போடு அப்படம் முடிந்தது, ஆனால் தொடரவில்லை. இல்லாத ஒன்றுக்கான ஏக்கமே இப்படங்களை எடுக்க வைத்தது, காணவும் வைத்தது. ஏக்கம் பொய்யாவதில்லை.

இனி, நம் நாட்டை நோக்குவோம். கார்வெல் போன்றதொரு கற்பனை ஊரை ஆர்.கே. நாராயண் 1935 இல் வெளிவந்த தம் முதல் நாவலிலேயே படைத்துவிட்டார். மால்குடியின் சுவாமிநாதனும் தந்தைக்கு அஞ்சும் சிறுவனே. தமிழ்த்திரையில் குடும்ப நகைச்சுவை இல்லாமலில்லை. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தை ஒட்டி 1941 இல் வந்த ‘சபாபதி’ இன்றும் சிரிக்க வைக்கின்றது. 1986 இல் விசுவின் இயக்கத்தில் வந்த ‘சம்சாரம் அது மின்சாரம்’, நலமான பொழுதுபோக்குப் படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. ஆயினும் ஒரே குடும்பம், ஒரே ஊர், அதே நடிகர்கள் என ஆண்டுதோறும் வளர்ந்து வரும் படவரிசை ஹார்டி வரிசையைப் போல் இங்கு வேரூன்றவில்லை. தமிழ்ப் படங்கள் பலவற்றில் கதை தனியாகவும் நகைச்சுவை தனியாகவும் ஓடின. அந்நகைச்சுவையிலும் எள்ளலே மிகுந்தது. நிறம் கறுத்தவரையும், உடல் பருத்தவரையும், திக்கிப் பேசுவோரையும் காட்டிச் சிரிக்கச் செய்வது எளிது. அதனால் அது பெருகிற்று.

இவற்றையெல்லாம் மாணவர்க்கு எடுத்துரைக்க எமக்கு வாய்த்த இடம் சேர்வராயன் மலை. 1998 ஆம் ஆண்டு டிசம்பரில் எம் துறை மாணவர்களை ஏற்காட்டிற்குச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையேறி, ஏற்காட்டிற்கும் மேலே உள்ள சேர்வராயன் கோயில் குன்றை அடைந்தோம். சேர்வராயனும் காவேரியம்மனும் குகையொன்றில் குடிகொண்டிருப்பதாக மலைவாழ் மக்கள் போற்றும் இடம் அது. மே மாதத்தில் அங்குத் திருவிழா நிகழும். யாம் சென்ற நாளில் கூட்டமில்லை. குகையைச் சூழ்ந்த உச்சி கூம்பாக இராமல் பரந்த புல்வெளியாகக் கிடந்தது. குளிர்காற்றில் மாணவர்கள் வட்டமாக அமர்ந்தனர்.

சேலம் இருக்கும் திசையைக் காட்டி, இம்மலையின் அடிவாரத்தில்தான் ஹாலிவுட்டைப் போன்றதொரு படநகரம் இருந்தது என்று கூறினோம். இங்கிலாந்தில் நெசவுத் தொழிற்கல்வி பயின்று திரும்பிய டி.ஆர். சுந்தரம், 1930-களின் நடுவில் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். எம்.ஜி.எம். போன்ற நிறுவனங்களின் முறையைப் பின்பற்றி, எழுத்தாளர் முதல் நடிகர் வரை மாதச் சம்பளத்தில் அமர்த்தி, எல்லாப் பணிகளையும் ஒரே மதிலுக்குள் நடத்தினார். ஒகையோ மாநிலத்தில் பிறந்த அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன், தமிழ் அறியாமலே ‘பொன்முடி’, ‘மந்திரிகுமாரி’ (1950) ஆகிய படங்களை அந்நிறுவனத்திற்காக இயக்கினார். மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) ஆகியவை அந்நிறுவனத்தின் படைப்புகளே. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தந்த அந்நிலையம் மறைந்து, நுழைவாயில் வளைவு மட்டும் சாலையோரம் எஞ்சிற்று.

அங்கு உருவான படங்களுள் ஒன்றை மாணவர்க்குச் சிறப்பாக எடுத்துக் கூறினோம். சுந்தரம் இயக்கி 1961 இல் வெளிவந்த ‘கண்டம் பெச்ச கோட்டு’ அது. ஒட்டுப்போட்ட கோட்டு என்பது அதன் பொருள். மலையாளத்தின் முதல் வண்ணப்படமும் அதுவே. செருப்புத் தைக்கும் முதியவர் மம்மதுக்காக்கா. ஹஜ்ஜுக்குச் செல்ல வேண்டும் என்பது அவர் வாழ்நாள் வேட்கை. சிறுகச் சிறுகச் சேர்த்த காசைத் தம் ஒட்டுப்போட்ட கோட்டிற்குள் வைத்துத் தைத்துக்கொள்கின்றார். அன்புகொண்ட இளையோர் இருவரின் திருமணம், வரதட்சிணையால் தடைபடுகின்றது. முதியவர் தம் கோட்டைப் பிரிக்கின்றார். அக்குடும்பங்களின் வழக்கங்களும் பேச்சும் நம் இல்லங்களுக்கு அயலானவை அல்ல. நீதிபதி ஹார்டி படித்தவர், வசதியுடையவர்; மம்மதுக்காக்கா செருப்புத் தைப்பவர். இருவரையும் ஒன்றாக்குவது ஒன்றுண்டு. இளையோரின் துன்பம் சிறிதென்று அவர்கள் ஒதுக்கவில்லை.

பேச்சு முடிந்து மாணவர்கள் கலைந்த பின்னர், ஒருவன் மட்டும் எழாமல் அமர்ந்திருந்தான். நகைச்சுவையாகப் பேசி வகுப்பையே சிரிக்க வைப்பவன் அவன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையொன்றில் அவன் தந்தை வேலை பார்த்தார். “ஐயா, எனக்கு இங்கிலீசில் மூன்று தாள் அரியர் இருக்கிறது. எல்லாம் பாஸ் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். அத்தாவுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டறைக்கு வா என்பார். போன மாதம் இரண்டு நாள் விடுதியை விட்டு எங்கேயாவது போய்விடலாம் என்று கிளம்பிப் பேருந்து நிலையம் வரைக்கும் போய்த் திரும்பினேன்” என்றான். கூறும்போதும் சிரித்தான். அச்சிரிப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்று எந்த உரையாசிரியரும் எழுதி வைக்கவில்லை.

“தம்பி, உன் அத்தாவிடம் நீ எப்போதாவது உட்கார்ந்து பேசியிருக்கிறாயா?” என்று கேட்டோம். அவன் சற்று நேரம் எண்ணிப் பார்த்தான். “அத்தா முன்னால் உட்கார்ந்ததே இல்லை, ஐயா” என்றான்.

அவன் இசைவோடு அவன் தந்தைக்குக் கடிதம் எழுதினோம். அரியரைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. மகன் தங்களிடம் பேச விரும்புகிறான், ஒரு நாள் வந்து செல்லுங்கள் என்று மட்டும் எழுதினோம். அரைநாள் கூலியை விட்டுவிட்டு அவர் வந்தார். விரல் நகங்களில் வண்ணப்பூச்சின் கறை போகாமல் இருந்தது. காப்பாளர் அறையில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, அவரை ஒன்றிலும் மகனை மற்றொன்றிலும் அமரச் சொன்னோம். மகன் அமரத் தயங்கினான். “உட்காரு” என்றார் தந்தை. யாம் வெளியேற எழுந்தபோது, இருக்குமாறு அவரே கேட்டுக்கொண்டார்.

மகன் எல்லாவற்றையும் கூறினான். பேருந்து நிலையத்தையும் மறைக்கவில்லை. தந்தை நெடுநேரம் பேசவில்லை. பேருந்து நிலையம் என்ற சொல்லைக் கேட்டபோது மட்டும் அவர் கை நாற்காலியின் பிடியை இறுகப் பற்றியது. பின்னர், “மூன்று தாளும் இங்கிலீசுதானா?” என்று கேட்டார். ஆம் என்றான் மகன். “நான் எட்டாம் வகுப்பில் இரண்டு முறை நின்றவன். இங்கிலீசில்தான். ஏன் நின்றாய் என்று என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. மறுநாளே பட்டறைக்கு அனுப்பிவிட்டார்கள். நம் வீட்டில் இங்கிலீசு எவனுக்கு வந்திருக்கிறது, உனக்கு வருவதற்கு?” என்று கூறி அவர் சிரித்தார். மகனும் சிரித்தான். கண்ணில் நீர் வழியச் சிரித்தான்.

அச்சிரிப்பில் ஒருவரும் தாழவில்லை. தந்தை தம் பேதைமையைத் தாமே எடுத்து மகன் முன் வைத்தார். மகனின் பேதைமை அதன் அருகில் சென்று அமர்ந்துகொண்டது. பிறகு அவர் கண்டிப்போடு ஒன்று கூறினார்: “அரியர் வரலாம். பொய் வரக்கூடாது.” ஹார்டி நீதிபதி வழங்கிய தீர்ப்புகளுள் எதற்கும் இது குறைந்ததன்று. அம்மாணவன் மூன்று தாள்களில் இரண்டை அடுத்த தேர்விலும், எஞ்சியதை அதற்கடுத்த தேர்விலும் எழுதித் தேறினான்.

இல்லம் என்பது தவறு செய்தவன் திரும்பி வரக்கூடிய இடமாக இருத்தல் வேண்டும். திரும்பி வருபவனைத் தடுப்பது பெரும்பாலும் தண்டனையைப் பற்றிய அச்சமன்று. எள்ளலைப் பற்றிய அச்சமே. அடியைத் தாங்கிக்கொள்ளும் பிள்ளை, உறவினர் நடுவே தன் தோல்வியைச் சொல்லிச் சிரிக்கப்படுவதைத் தாங்கிக்கொள்வதில்லை. இதனை மாணவர் பலரிடம் யாம் கண்டிருக்கின்றோம். தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் செய்தித்தாள்கள் தாங்கி வரும் துயரச் செய்திகளை அறிந்தோர், இதனை மிகை என்று கூறமாட்டார்கள்.

ஆதலின் மாணவச் செல்வங்களுக்கு ஒன்று கூறுவோம். கதவைத் தட்டுங்கள். ஆண்டி ஹார்டி தன் படங்களில் எத்தனையோ அசட்டுச் செயல்களைச் செய்தான். ஆனால் தந்தையின் அறைக் கதவைத் தட்டத் தவறியதில்லை. அதுவே அவனைக் காத்தது. பெரியோர்களுக்கும் பணிவோடு ஒன்று கூறுவோம். நம் இல்லங்களில் திரைப்படத்தை ஐயத்தோடு நோக்கும் வழக்கம் உண்டு. அதற்குரிய காரணங்களும் உண்டு. எந்தப் படத்தையும் காணுமாறு யாம் வற்புறுத்தவில்லை. அந்தப் படிப்பறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் படிப்பறையும் வேண்டுவதில்லை. திண்ணை போதும், பட்டறையின் ஓரம் போதும். இரண்டு பேர் அமர இடமும், ஒருவர் பேசி முடிக்கும் வரை மற்றவர் காத்திருக்கும் பொறுமையும் இருந்தால் போதும். அதன்பின் வரும் நகை இல்லத்திற்கு நலம் தரும் நகையாகவே இருக்கும்.